நானூறு பேருக்கான பானை

உமோஜா, நைரோபி
14 ஏப்ரல் 2020

வாயுவா அக்காவுக்கு,

முன்யாவோ எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கிழி.

பிப்ரவரியில் என் மனைவி மும்புவா உன்னைத் தேடி மலைக்கு வந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போக விட்டிருக்க மாட்டேன். "அவருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு அண்ணி, வாரம் ரெண்டு தடவை மெஷின்ல படுக்கிறாரு" என்று உன் சமையலறை வாசலில் நின்று அழுதாளாம். நீ கரண்டியைக் கீழே வைக்காமலே "எங்க வரணும், என்னைக்கு வரணும்?" என்று கேட்டாயாம். வந்தாய். ரத்தம் கொடுத்தாய். பொருந்துகிறது என்றார்கள். தொண்ணூற்றாறு கிலோவை எண்பத்திரண்டாக்கினால்தான் உன்னை அறுக்க முடியும் என்று டாக்டர் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு, என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமல் சாயங்கால வண்டியில் ஊர் திரும்பிவிட்டாய். இதெல்லாம் எனக்கு மும்புவா சொல்லித்தான் தெரியும்.

நாம் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது இந்த நோய் வந்து நைரோபியை அடைத்துவிட்டார்கள். உள்ளே யாரும் வர முடியாது, வெளியே யாரும் போக முடியாது. சரக்கு வண்டிக்கு மட்டும் வழி உண்டு. உங்கள் மலையிலிருந்து முட்டைக்கோஸ் லாரி ஓட்டும் கியாலோ வாரம் ஒருமுறை வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இருபத்திரண்டு வருஷமாகத் தபால் நிலையத்தில் ஊரார் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்குகிறேன். எனக்கென்று ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் நாலு தாள் வீணாகிறது. நன்றி என்று எழுதினால் அது சின்னதாக இருக்கிறது. அதனால் அதை எழுதவில்லை.

முன்யாவோ

*

ம்பூனி மலை
20 ஏப்ரல்

முன்யாவோவுக்கு,

கிழிக்கவில்லை. கியாலோ எதிரில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான், அதனால்தான்.

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் மூன்றாவது நிமிஷம் திட்டுவேன், இல்லாவிட்டால் அழுவேன். எனக்கு இரண்டும் வேண்டாம். காகிதம் போதும். குறுக்கே பேசாது.

ஒன்று தெரிந்துகொள். கிட்னி உனக்கில்லை, மும்புவாவுக்கு. அந்தப் பெண் அவ்வளவு தூரம் மேட்டில் ஏறி வந்தாள். அவளை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

இங்கே பள்ளிக்கூடத்தை மார்ச்சிலேயே மூடிவிட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள் இரண்டே நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கிட்னி கொடுக்கிறவளுக்கு நோய் வரக்கூடாது, கேட்டைத் தாண்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உள்ளே நான், கேட்டில் காவல்காரர் முத்தியானி. அவ்வளவுதான் ஊர்.

எனக்குச் சின்னதாகச் சமைக்கத் தெரியவில்லை, தம்பி. பத்தொன்பது வருஷமாக நானூறு பேருக்குப் போட்ட கை. என்னிடம் இருக்கும் சின்னப் பானை ஆசிரியர்களுக்கானது, நாற்பது பேர் சாப்பிடலாம். அதில் அடியில் ஒட்டுமளவு சோளமும் பயறும் போட்டாலே ஐந்து பேர் பசி தீரும். முத்தியானிக்கு ஒரு தட்டு. மீதியைக் கொட்டவா முடியும்? மணியடித்தால் சாப்பாட்டுக் கூடத்துக்கு யாரும் ஓடி வருவதில்லை. நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

எடையைப் பற்றிக் கவலைப்படாதே. ஸ்டோரில் மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறது. அதில் ஏறிப் பார்த்துக்கொள்கிறேன். குறையும்.

வாயுவா

*

உமோஜா
2 மே

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அந்தப் பானை வந்ததும் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டேன்.

எனக்கு என்னென்ன ஆகாது என்று சொல்கிறேன், கேள். வாழைப்பழம் ஆகாது. அவகாடோ ஆகாது. பயறு ஆகாது. உருளைக்கிழங்கை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சக்கையைத் தின்னலாம். உப்பு கிடையாது. ஒரு நாளைக்கு மொத்தம் அரை லிட்டர் தண்ணீர், டீயும் அதில் சேர்த்தி. மும்புவா காலையில் பாட்டிலில் அளந்து வைத்துவிடுகிறாள். மத்தியானத்துக்குள் குடித்துவிட்டு, பிறகு ஐஸ்கட்டியை நாக்கில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் என் முன்னால் சாப்பிடுவதில்லை. சமையலறைக் கதவை மூடிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு உபகாரம் செய். நீ என்ன சாப்பிட்டாய் என்று எழுது. பட்டியல் வேண்டாம், விளக்கமாக எழுது. எந்த அடுப்பு, என்ன விறகு, தாளிக்கும்போது என்ன வாசம், முதல் வாய் எப்படி இருந்தது. எனக்கு இப்போது சாப்பாடு அதுதான்.

முன்யாவோ

*

ம்பூனி மலை
9 மே

தம்பி,

கேட்டாயே, எழுதுகிறேன்.

நேற்று முதோகோய். சோளத்தை உரலில் குத்தித் தோலெடுத்து, முந்தின நாளே துவரையோடு ஊறவைத்தேன். கருவேல விறகு. மெதுவாகத்தான் எரியும், ஆனால் சூடு மாறாது. மூன்று மணி நேரம். வெந்த சோளம் விரலில் நசுங்கும்போது ஒரு சத்தம் வரும், ஈரமண்ணில் கால் வைத்தது போல. வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, தக்காளி, கொத்தமல்லி. முத்தியானி வீட்டு மரத்து அவகாடோவைக் கரண்டியால் வழித்து மேலே வைத்தேன். சூட்டில் அது நெய்யாய் உருகியது. முதல் வாயில் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது வாயில் நம் அம்மா ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் கணக்கில்லை.

இன்றைக்குச் சப்பாத்தி. நெய் தடவி, மடித்து, மறுபடி தேய்த்து. பிய்த்தால் புத்தகம் போலத் தாள் தாளாக வர வேண்டும், வந்தது.

கொஞ்சமாகத்தான் சாப்பிட்டேன். எடை தொண்ணூற்றொன்று. பார்த்தாயா?

வாயுவா

*

உமோஜா
23 மே

அக்கா,

உன் கடிதத்தை டயாலிசிஸுக்கு எடுத்துப் போனேன். பக்கத்து நாற்காலியில் ஒயூகி என்று ஒரு தையல்காரர், ஏரிக்கரைக்காரர். சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவகாடோ உருகிய இடத்தில் "நிறுத்து, நிறுத்து, அந்த வரிய இன்னொரு தரம் படி" என்றார். நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்து "என்ன, ரெண்டு பேரும் திருட்டுச் சாப்பாடு சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். அடுத்த கடிதத்தில் மீன் எழுதச் சொல்கிறார் ஒயூகி. மலையில் மீனுக்கு எங்கே போவது என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இனி எழுதப்போவதை எழுதலாமா கூடாதா என்று ஒரு வாரம் யோசித்தேன். லாரியிலிருந்து இறங்கியதும் கியாலோ சொன்னான்: "அண்ணே, அக்கா கேட்டுக்கு நடந்து வர்றதுக்குள்ள மூச்சு வாங்குறாங்க. போன மாசத்தவிட மூஞ்சி உப்பியிருக்கு." நான் அவனைத் திட்டிவிட்டேன். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி அவள் இல்லாத இடத்தில் பேசக்கூடாது என்றேன். சொன்ன பிறகு தெருவிலேயே நின்றுவிட்டேன்.

ஏனென்றால் நான் நீ இருக்கும்போதே பேசியவன். என் கல்யாணத்தில் போட்டோக்காரன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தியபோது, "அக்கா, நீ ஓரமா நில்லு, இல்லன்னா மத்த நாலு பேரு படத்துல விழமாட்டாங்க" என்றேன். ஊரே சிரித்தது. நீயும் சிரித்தாய். அப்புறம் தட்டில் வைத்ததைத் தொடாமல் போய்விட்டாய். அந்தக் கல்யாணத்துக்கு மூன்று நாள் விழித்திருந்து சமைத்தவள் நீ.

அன்றைக்கு அது வேடிக்கை என்று நினைத்தேன். அப்புறம் தப்பு என்று தெரிந்தது. தெரிந்தும் வரவில்லை, வெட்கம். வருஷம் ஏற ஏற வெட்கமும் ஏறியது. மன்னிப்பு கேட்கிறேன் அக்கா. உன்னிடம் ஒன்று தேவைப்படும் நேரத்தில் கேட்கிறேனே என்றுதான் கை கூசுகிறது.

எடை எவ்வளவு என்று எழுத வேண்டாம். சாப்பிட்டதை மட்டும் எழுது.

முன்யாவோ

*

ம்பூனி மலை
3 ஜூன்

தம்பி,

நூற்றொன்று.

தொண்ணூற்றொன்று என்று எழுதியது பொய். அன்றைக்கே தொண்ணூற்றெட்டு இருந்தேன். இன்று காலை தராசில் ஏறினால் நூற்றொன்று. இறங்கி, தராசுதான் கோளாறு என்று ஒரு மூட்டைப் பயறைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். மூட்டை சரியாகத்தான் காட்டியது.

கல்யாணத்தன்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இரண்டாவது பொய். நீ இப்போது எழுதியதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மாவு டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். மறுநாள் எடுத்து மறுபடி படித்தேன். அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

ஆனால் நான் தின்பது அதனால் இல்லை. முதலில் தனிமை என்று நினைத்தேன். பெண்கள் இல்லாத சமையலறையில் வாயைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. அது பாதி உண்மை. மீதி உண்மையைச் சொல்கிறேன், மும்புவாவிடம் சொல்லாதே.

எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா கட்டியை அறுக்கப் போனபோது உனக்கு ஏழு வயசு, ஞாபகம் இருக்காது. சிவப்புத் துணி கட்டிக்கொண்டு தானே நடந்து போய் வண்டியில் ஏறினாள். ஏறும்போது என்னைப் பார்த்து "அடுப்ப அணைச்சிடு, வந்துடறேன்" என்றாள். திரும்பி வரும்போது தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து கத்தி என்றால் எனக்கு அந்த வண்டிதான்.

எண்பத்திரண்டுக்கு வந்தால் அறுப்பார்கள். வராவிட்டால் அறுக்க மாட்டார்கள். மனசு சரி என்று சொல்லிவிட்டது, வாய் மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு தட்டு முடிந்ததும் அப்பாடா என்று இருக்கிறது, தம்பி. நான் உன்னைத் தின்றுகொண்டிருக்கிறேன்.

வாயுவா

*

உமோஜா
9 ஜூன்

அக்கா,

வேண்டாம்.

டாக்டரிடம் நானே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சம்மதமில்லை என்று. காரணம் யாருக்கும் தெரியாது, மும்புவாவுக்கும் தெரியாது. மெஷினில் பத்து வருஷம் இருக்கிறவர்கள் உண்டு. நான் நன்றாக இருக்கிறேன். நேற்று மாடிப்படி ஏறினேன்.

நீ பயந்ததில் தப்பே இல்லை. அந்த வயசில் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தவள் நீ. அதன் பிறகு எனக்குச் சோறு போட்டு வளர்த்தவளும் நீதான். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிட்டாய்.

கடிதம் மட்டும் நிறுத்தாதே.

முன்யாவோ

*

ம்பூனி மலை
28 ஜூன்

முன்யாவோ,

என்னை வேண்டாம் என்று சொல்ல நீ யார்? கல்யாணத்தில் ஓரமாக நில் என்றாய். இப்போதும் ஓரமாக நில் என்கிறாய்.

ஒயூகி இறந்துபோனதை நீ எழுதவில்லை. கியாலோ சொன்னான். "போன கடுதாசி எழுதறதுக்கு மூணு நாள் முன்னாடியே போயிட்டாராம் அக்கா. அண்ணன் உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு." பத்து வருஷம் இருக்கிறவர்கள் உண்டு என்று எழுதினாயே, பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கும்போதா அதை எழுதினாய்?

அன்று மத்தியானம் இனிப்பு மாவு பிசைந்து எண்ணெயில் மண்டாசி பொரித்து, பதினொன்று தின்றேன். முத்தியானி வாசலில் நின்று பார்த்தார். "அம்மா, யாரு மேல கோவம்?" என்று கேட்டார். பன்னிரண்டாவதை அவரிடம் நீட்டினேன். அழுதுவிட்டேன்.

மறுநாள் டாக்டருக்கு நானே போன் செய்தேன். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். எத்தனை பேரை அறுத்தீர்கள், எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள், கத்தி எவ்வளவு நீளம், மயக்கத்திலிருந்து எழுப்புவது யார்? எரிந்து விழுவார் என்று பார்த்தேன். முக்கால் மணி நேரம் பேசினார். "பயம் இல்லன்னு சொல்றவங்களைப் பாத்தாத்தான் எனக்குப் பயம்மா" என்றார். எப்போது வேண்டுமானாலும், மயக்க மருந்து கொடுக்கும் முந்தின நிமிஷம் கூட, மாட்டேன் என்று சொல்லலாமாம். யாரிடமும் காரணம் சொல்ல மாட்டார்களாம். கதவு திறந்திருக்கிறது என்றால் அறைக்குள் உட்கார முடிகிறது.

முத்தியானி மனைவியிடம் ஒரு சின்னச் சட்டி கடன் வாங்கினேன். ஒரு ஆள் சட்டி. முதல் நாள் அதில் சமைத்தபோது பொம்மைச் சோறு பொங்குவது போல வெட்கமாக இருந்தது. பெரிய பானைகளை ஸ்டோரில் கவிழ்த்து வைத்துப் பூட்டி, சாவியை முத்தியானியிடம் கொடுத்துவிட்டேன். டீக்குச் சர்க்கரை இல்லை. சாப்பிட்டதும் சாப்பாட்டுக் கூடத்தை நாற்பது சுற்று. ஒவ்வொரு பெஞ்சிலும் எந்தப் பெண் உட்காருவாள் என்று பெயர் சொல்லிக்கொண்டே நடப்பேன். முப்பதாவது சுற்றில் மூட்டு திட்டும், நானும் பதிலுக்குத் திட்டுவேன்.

இன்று தொண்ணூற்றேழு. நம்பாவிட்டால் கியாலோவைக் கேள். அவனைத் தராசின் பக்கத்தில் நிறுத்திப் படிக்கச் சொன்னேன்.

அக்கா

*

உமோஜா
12 ஜூலை

அக்கா,

உன்னைத் தடுத்தது தப்பு. எழுதாமல் விட்டதும் தப்பு. ஒயூகியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவர் கேட்ட மீன்தான் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

வழியைத் திறந்துவிட்டார்கள். மும்புவா உன்னை இங்கே வந்து தங்கச் சொல்கிறாள். நீ வர மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஒரு புகார். உன் கடிதங்கள் ருசி கெட்டுப் போய்விட்டன. "வேகவைத்த கீரை. வேகவைத்த கீரை. பாதி சப்பாத்தி." இதை வைத்துக்கொண்டு ஒரு நோயாளி எப்படி வாழ்வது? பிள்ளைகளிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன், கதவைத் திறந்து வைத்து என் எதிரிலேயே சாப்பிடுங்கள் என்று. பெரியவள் முதலில் தயங்கினாள். அப்புறம் பயற்றுக் குழம்பு எப்படி இருக்கிறது என்று வாய் நிறைய வைத்துக்கொண்டே எனக்குச் சொன்னாள். உன் அளவுக்கு வர்ணனை வரவில்லை. பழகிவிடுவாள்.

முன்யாவோ

*

ம்பூனி மலை
25 அக்டோபர்

தம்பி,

எண்பத்திரண்டு. இந்தத் தடவை ஆஸ்பத்திரித் தராசே சொன்னது. நர்ஸ் எழுதிக்கொள்ளும் வரை மூச்சை விடவில்லை.

நடுவில் ஆகஸ்டில் மூன்று வாரம் முள் அசையவே இல்லை. ஒருநாள் கோபத்தில் முத்தியானியிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். "தரேம்மா, நாளைக்கு" என்றார். மறுநாள் கேட்கத் தோன்றவில்லை. என் பாவாடைகளையெல்லாம் பிடித்துத் தைத்துவிட்டேன். கடைசி வகுப்புப் பெண்கள் மட்டும் இந்த மாதம் திரும்பி வந்திருக்கிறார்கள். "குக்கம்மா எங்க? புது ஆளா?" என்று கேட்டாள் ஒருத்தி. கரண்டியை ஓங்கினேன். "ஐயோ, குக்கம்மாதான்!" என்று ஓடினாள்.

நவம்பர் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள். ஒரு நிபந்தனை. அதற்கு முன்னால் உன்னைப் பார்க்க மாட்டேன். மும்புவா ஒரே நாளில் நம்மிருவரையும் வரவழைக்கத் திட்டம் போடுகிறாள், எனக்குத் தெரியும். வேண்டாம். உன்னைப் பார்த்தால் சண்டை போடுவேன், இல்லாவிட்டால் பயந்து ஊருக்கே திரும்பிப் போய்விடுவேன். முதலில் வேலை முடியட்டும்.

பயம் போகவில்லை. கூடவே வருகிறது. வரட்டும்.

அக்கா

*

பெண்கள் வார்டு
28 நவம்பர்

தம்பி,

நர்ஸிடம் ஒரு துண்டுத்தாள் வாங்கி எழுதுகிறேன். உயிரோடிருக்கிறேன். கண் விழித்ததும் "அடுப்பு அணைச்சாச்சா?" என்று கேட்டேனாம். எனக்கு நினைவில்லை. வலி இருக்கிறது, சிரித்தால் அதிகம். அதனால் வேடிக்கையாக எதுவும் எழுதாதே.

இடதுபக்கத்தை எடுத்தார்களாம். உன்னிடம் ஒழுங்காக இருக்கிறதா? அது என்னோடு பழகியது. பிடிவாதம் பிடிக்கும்.

வாயுவா

*

தனி அறை, மூன்றாம் மாடி
29 நவம்பர்

அக்கா,

வேடிக்கை இல்லை, சத்தியமான செய்தி. இரண்டு வருஷத்துக்குப் பிறகு சிறுநீர் போகிறது. தையல் போடும்போதே மேஜையில் கொட்டத் தொடங்கிவிட்டதாம். டாக்டர் கையுறையெல்லாம் நனைந்து, மனுஷன் சிரித்தாராம். நேற்று மட்டும் ஏழு லிட்டர். நர்ஸ் பையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். மும்புவா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையைத் தட்டினாள்.

பிடிவாதம் பிடிக்கவில்லை. வந்த மறுநிமிஷமே வேலையை ஆரம்பித்துவிட்டது. உன்னிடம் வளர்ந்தது வேறு எப்படி இருக்கும்?

முன்யாவோ

*

பெண்கள் வார்டு
30 நவம்பர்

தம்பி,

இன்று நடக்கச் சொன்னார்கள். வராந்தா வரை போதும் என்றார்கள். லிஃப்டில் ஏறிவிட்டேன். நர்ஸ் பின்னாலேயே வந்தாள், "அம்மா, எங்க போறீங்க, அம்மா" என்று.

உன் அறைக் கண்ணாடி முன்னால் நின்றேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். தலையில் நரை விழுந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவே இல்லை. கை குச்சியாக இருக்கிறது. ஆனால் உதட்டில் நிறம் வந்திருக்கிறது. தையலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். எழுப்ப வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

அக்கா

*

மூன்றாம் மாடி
அதே நாள், சாயங்காலம்

அக்கா,

நான் தூங்கவில்லை. நீ லிஃப்டிலிருந்து இறங்கும்போதே நர்ஸ் கூப்பிடும் சத்தம் கேட்டுவிட்டது. கண்ணைத் திறந்தால் அழுதுவிடுவேன், அழுதால் தையல் பிரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் இறுக்கி மூடிக்கொண்டேன். நீ திரும்பி நடக்கும் செருப்புச் சத்தம் கேட்கும் வரை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாளைக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன். வா.

முன்யாவோ